இரண்டாவது பல்பு

எங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் வராததற்கு ஓர் ஓடைதான் காரணம். மலைமேல் எடப்புளி நாடு என்று சொல்லும் பகுதியில் எங்கள் ஊர் வரைக்கும் கம்பம் நட்டுக்கொண்டே வந்தவர்கள், கடைசிக் கம்பத்தை ஓடையின் அந்தக் கரையில் நட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். இந்தக் கரையில் இருந்தது எங்கள் ஒரே வீடு. ஒரு வீட்டுக்காக ஓடையைத் தாண்டிக் கம்பி இழுப்பதா என்பது அவர்கள் கேள்வி. அப்பா அடிக்கடி மனு எழுதி எடுத்துக்கொண்டு செம்மேட்டு கரண்ட் ஆபீசுக்குப் போவார். மனுவைக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்.

இப்போது நான் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டும் வேலையில் இருக்கிறேன். யார் யோசனை கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுவேன். கூரையில் நிழல் விழவில்லையா, பேனல் போடுங்கள். மாடு நாலு நிற்கிறதா, சாண எரிவாயு போடுங்கள். ஆனால் யாராவது பக்கத்து ஓடையைக் காட்டி, "ஏனுங்க, இந்தத் தண்ணியில கரண்ட் எடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டால் மட்டும் எனக்கு இருப்புக் கொள்ளாது. கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். எடுக்கலாம். எங்கள் வீட்டில் எடுத்தோம்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் கரண்ட் எடுக்கலாம், சாணத்திலிருந்து கேஸ் எடுக்கலாம் என்று படம் காட்டி விளக்கினார். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. எங்கள் ஓட்டுக் கூரையைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள், மரமெல்லாம் மிளகுக்கொடி. வெயில் வேண்டுமானால் மரத்தை வெட்ட வேண்டும், மரத்தை வெட்டினால் மிளகு போச்சு. காற்றையும் அந்த மரங்களே தடுத்தன. மாடு என்று பார்த்தால் ஒரு பசுவும் கன்றும். அந்தப் பசுவும் பகலெல்லாம் மேய்ந்து, சாணத்தை ஊருக்கெல்லாம் தானம் பண்ணிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

இந்த நிலைமையில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மலையிலிருந்து இறங்கிப் போய்ப் பேளுக்குறிச்சியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடையில் வேலை பார்த்தவர். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் கை அரிக்கும் ஆள். அந்தக் குணம் அப்படியே எனக்கு வந்திருப்பதாக, என்னைத் திட்டும்போதெல்லாம் அம்மா சொல்வாள்.

ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகும் இடத்தில் மாமா ஒரு சக்கரம் கட்டினார். சைக்கிள் ரிம்மில் எண்ணெய் டின்னை வெட்டித் தகடு தகடாகச் சொருகி, பெல்ட் போட்டுப் பழைய டைனமோ ஒன்றோடு இணைத்தார். மொத்தத்தையும் காலி பிளாஸ்டிக் கேன்கள் மேல் மிதக்கவிட்டுப் பாறையில் கயிற்றால் கட்டினார். தண்ணீர் ஏறினால் சக்கரமும் ஏறும், இறங்கினால் இறங்கும். அங்கிருந்து வயர் இழுத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் பல்பு, அடுப்படியில் இன்னொன்று. சுவிட்ச் கிடையாது. வயர் நுனியில் கொக்கி இருக்கும். மாட்டினால் எரியும், கழற்றினால் அணையும்.

அந்தப் பல்புக்கு ஒரே நிறம் என்பது கிடையாது. ஓடையில் தண்ணீர் சுண்டிவிட்டால் அணையப் போகும் தீக்குச்சி மாதிரி சிவப்பாகக் கிடக்கும். முழங்கால் தண்ணீர் ஓடினால் மஞ்சள். மழை பிடித்துவிட்டால் வெள்ளை வெளேரென்று எரியும். எனக்குப் பிடித்தது வெள்ளைதான். மழை வந்தால் கரண்ட் போகும் ஊரில், மழை வந்தால் கரண்ட் கூடுகிற வீடு எங்களுடையது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

முதல் பெருமழையிலேயே வாசல் பல்பு பியூஸ் போனது. மாமா அடுத்த முறை வரும்வரை அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாமா புதுப் பல்போடு வந்தார். என்னைத் தனியாக அழைத்துத் தொழில் ரகசியம் ஒன்று சொன்னார். "கண்ணு கூசற மாதிரி வெள்ளையா எரிஞ்சா ஒத்தப் பல்பு தாங்காது கண்ணு. உள்ள இருக்கறதையும் மாட்டி உட்டுரு. ரெண்டும் பங்கு போட்டுக்கும். மஞ்சளாயிரும், பியூஸ் போவாது." மலையிலேயே இது தெரிந்த இரண்டாவது ஆள் நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் என் வித்தையைக் காட்ட அம்மா விடவில்லை. அப்பா அக்கரைக்குப் போயிருக்கும் நாட்களில், பொழுது சாய்ந்ததும் அடுப்படிக் கொக்கியைக் கழற்றிவிடுவாள். வாசல் பல்பு மட்டும் எரியும். அவள் அடுப்பு வெளிச்சத்தில் சோறாக்குவாள். எதற்கு என்று கேட்டால், "அப்பா வர்ற வரைக்கும் அதத் தொடாத" என்பாள். வாசலில் யாருக்கு வெளிச்சம், நாய்க்கா என்று நான் முனகுவேன். அதை வெறும் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன்.

அது ஐப்பசி மாதம். மூன்று வயதுத் தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். காலை பஸ்ஸுக்கு அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது எனக்கு ஸ்கெட்ச் பென்சில் பாக்கெட் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனதால், தம்பியின் காய்ச்சலைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

மத்தியானம் மழை பிடித்தது. எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கு ஓடுவேன், அடுப்படிக்கு ஓடுவேன், பாக்கெட்டில் பன்னிரண்டு நிறமா இருபத்துநாலா என்று அம்மாவைக் கேட்பேன். அவளும் உட்காரவில்லை. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடைக்கரை வரைக்கும் போய் வந்தாள். அரிசியைக் களைந்தாள், அடுப்பில் வைக்காமல் மறுபடி வாசலுக்குப் போனாள். ஓடைக்குப் பாலம் கிடையாது, ஏழு கல்தான். தண்ணீர் தெளிவாக இருந்தால் கல் தெரியும். மழைத் தண்ணீர் கலங்கி வந்தால் கல்லும் தெரியாது, ஆழமும் தெரியாது. அப்பாவிடம் செல்போன் இருந்தது. எங்கள் பக்கம் டவர்தான் இல்லை.

ஐந்தரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா வாசல் கொக்கியை மாட்டினாள். பல்பு எடுத்த எடுப்பிலேயே வெள்ளையாக எரிந்தது. நான் கை தட்டினேன். அம்மா பல்பைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்து, "உள்ள போய் உக்காரு சாமி" என்றாள். குரல் நடுங்கியது. குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் மாட்டுக்கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து கன்று கத்தியது. அம்மா அதை அவிழ்த்து மேட்டில் கட்டப் போனாள். வீட்டில் நானும் பல்பும் மட்டும். வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. வாசல் முழுக்கப் பகல் மாதிரி ஆகி, பல்பைப் பார்த்தாலே கண்ணில் நீர் வந்தது. இதோ போகப் போகிறது, பியூஸ் போகப் போகிறது என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பல்பு போனால் அம்மா மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மாமா வேறு, சொல்லிக்கொடுத்தும் விட்டுவிட்டாயே என்பார். நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அடுப்படிக் கொக்கியை மாட்டினேன். ஆடாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

மாமா சொன்னது சொன்னபடி நடந்தது. வாசல் பல்பு மஞ்சளாகி அமைதியானது. அடுப்படியிலும் அதே மஞ்சள். பன்னிரண்டு ஸ்கெட்ச் பென்சிலும் கைக்கு வந்துவிட்டதுபோல் ஒரு நிறைவு எனக்கு.

கொஞ்ச நேரத்தில் அம்மா நனைந்துகொண்டே வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தாள். மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்ததும் நின்றாள். "வடிஞ்சிருச்சா?" என்றாள். அவள் முகம் அப்படித் தெளிந்ததை அன்று காலையிலிருந்து நான் பார்க்கவில்லை. உடனே ஓடைப் பக்கம் காதைக் கொடுத்தாள். இரைச்சல் குறையவே இல்லை. அப்புறம்தான் திரும்பி, உள்ளே எரிகிற இரண்டாவது பல்பைப் பார்த்தாள்.

அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று ஓடினாள். முக்காலி உருண்டது. கொக்கியைக் கழற்ற நேரமில்லாமல் வயரையே பிடுங்கி எறிந்தாள். வாசல் மறுபடி வெள்ளையானது. என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "பல்பு பியூஸ் போயிருமே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் மழையில் இறங்கி, ஓடைப் பக்கம் பார்த்து, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்கு மேல் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. நான் அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. அம்மா இருந்த கோலத்திலேயே கரையில் நின்றாள், நானும் போய் நின்றேன். எவ்வளவு நேரம் கழித்தோ, எதிர்க்கரைப் பலா மரத்தடியில் அப்பா தெரிந்தார். தோளில் தம்பி. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அப்பா கல்லைத் தடவித் தடவி வந்து கரையேறினார்.

"சாயங்காலமே வந்துட்டேன். லைட்டு வெள்ளையா எரிஞ்சுது, சரி, தண்ணி சாஸ்தின்னு அந்தப் பலா மரத்தடியிலயே நின்னேன்" என்றார். "அப்பறம் பாத்தா மஞ்சளா ஆயிருச்சு. முழங்கால் தண்ணிதான், வடிஞ்சிருச்சுன்னு இவனத் தூக்கிட்டு எறங்கிட்டேன். ரெண்டாங் கல்லுலயே இடுப்புக்கு வந்து இழுக்குது. என்னடா இதுன்னு நிமுந்தா மறுக்கா பளிச்சுன்னு வெள்ளை. அப்படியே திரும்பி, ஊருக்குள்ள எங்க அண்ணன் ஊட்டுல படுத்துட்டு வாரேன். ஏன் நடுவால அப்படி ஆச்சு?"

அம்மா அவர் தோளிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"வயரு லூசா இருந்துச்சு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். லூசா? இரண்டு முறை இழுத்துப் பார்த்து மாட்டிய கொக்கி அது. அறைந்ததுமல்லாமல் என் வேலையையும் குறை சொல்கிறாளே என்று, அப்பாவிடம் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது. வலிக்கும்படி அழுத்தியது. அப்பா ஸ்கெட்ச் பாக்கெட்டை நீட்டினார், நனையாமல் இருக்கப் பாலிதீன் பையில் சுற்றியிருந்தது. பன்னிரண்டு நிறம்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பொய் சொல்கிற அம்மாவோடு பேசக் கூடாது என்று முடிவு செய்து மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் அவள் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையால் என் கன்னத்தையும் வந்து வந்து தொட்டாள். எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே, என்னை எதற்குத் தொட்டுப் பார்க்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.