அத்தானின் இடது கை

'நெருக்கடியிலும் நிதானம் இழக்காத, அனுபவம் மிக்க பகுதிநேர விரிவுரையாளர்' என்று பல்கலைக்கழக இணையதளம் மேடத்தைப் பற்றிச் சொல்கிறது. பக்கத்தில் ஒரு படம். ஃப்ளாஷ் அடித்ததும் பயந்து கண்ணை மூடிக்கொண்ட படம், அதையே போட்டுவிட்டார்கள்.

லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்று நான்கு மாடியும் படியேறுவார். மாணவர்கள் கேள்வி கேட்கக் கை தூக்கினால் அவருக்குப் பயம். தூக்காவிட்டால், ஒன்றும் புரியவில்லையோ என்று இன்னும் பயம். வீட்டில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், பகலில் மருத்துவமனையில் அவர் பார்ப்பது பயம் தெளியவைக்கிற வேலை. நோயில் விழுந்து எழுந்தவர்களுக்குப் பல் தேய்க்கவும் பொத்தான் போடவும் மறுபடி பழக்குவார். ஆக்குபேஷனல் தெரபி என்ற அந்தப் படிப்பைத்தான் சில மாலைகளில் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்.

செய்முறை வகுப்புக்கு நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும். துறையில் தரமாட்டார்கள். அக்கா கணவரைப் பிடித்துவந்தார். அத்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்தைக் கண்டால் குஷியாகிவிடுவார். முதல் வகுப்பிலேயே, யாரும் கேட்காமல், மயங்கியதுபோல் தலையைத் தொங்கப்போட்டார். மேடம் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எழுந்து ஓடிவந்தது. அத்தான் கண்ணடித்தார்.

"ஏம்மா, நடிப்புக்கே இந்த ரகளையா? இன்னொரு தடவ இப்படி நடந்தா அடுத்த செமஸ்டருக்கு நான் வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார் துறைத் தலைவி. பகுதிநேர ஆட்களை அனுப்பக் காரணமே தேவையில்லை. இருந்தும் மேடம் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்.

அடுத்த வகுப்பு, சட்டை போடும் பாடம். பக்கவாதம் வந்தவர் விளங்காத கையைத்தான் முதலில் சட்டைக்குள் நுழைக்கவேண்டும். நல்ல கை அதற்கு உதவும். அத்தானுக்கு வலது கை விளங்கவில்லை என்பது ஏற்பாடு.

"அத்தான், இன்னைக்கு சேட்டை வேணாம். என் வேலையே போயிடும்."

"அட போ பயந்தாங்கொள்ளி! நான் நடிச்சா நெஜ நோயாளியே வந்து கத்துக்கணும்."

மாணவர்கள் சுற்றி நின்றார்கள். அத்தான் வலது கையை மடியில் கிடத்திவிட்டு இடது கையால் சட்டையை எடுத்தார். சட்டை நழுவி விழுந்தது. அதை எடுக்க வலது கையை நீட்டினார்.

"சார், அது விளங்காத கையாச்சே!" என்றான் ஒரு மாணவன்.

"விடுடா, அதுக்குள்ள குணமாயிட்டாரு," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு.

அத்தான் ஏதோ பதில் சொன்னார். நாக்கு குழறியது. அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மேடம் மட்டும் அத்தானின் கைகளையே பார்த்தார். அசையக்கூடாத கை அசைகிறது. அசையவேண்டிய கை கிடக்கிறது. அத்தான் சேட்டை செய்வார், இவ்வளவு மோசமாக நடிக்கமாட்டார்.

"அத்தான், இடது கையத் தூக்குங்க." தூக்கவில்லை. "சிரிங்க அத்தான்." பாதி வாய்தான் சிரித்தது. அதுவும் வேண்டுமென்றே செய்கிற குறும்புபோலத்தான் இருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் துறைத் தலைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி, அது பொய்யானால் வேலை போகும். கத்தாமலிருந்து, அது நிஜமானால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? எந்தப் பயம் பெரியது என்று எடைபோட்டுப் பார்க்கிற பழக்கம் மேடத்துக்குக் கிடையாது. எல்லாப் பயத்துக்கும் ஒரே மரியாதைதான்.

அத்தான் இப்போது மேடம் வேலைபார்க்கும் வார்டில், நிஜமாகவே சட்டை போடப் பழகுகிறார். தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர்.

"அன்னைக்கு நான் நடிக்கல பாப்பா," என்றார் அத்தான், கோணல் இன்னும் தீராத வாயால்.

"தெரியும் அத்தான். நல்லாவே இல்ல."

துறைத் தலைவி இணையதளக் குறிப்பில் 'துணிச்சலான' என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். மேடம் அன்று செய்தது இதுதான்: கட்டடம் அதிர அலறினார், ஆம்புலன்ஸை அழைத்தார், அது வரும்வரை அத்தான் நாற்காலியிலிருந்து சரியாமல் கட்டிப்பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.