பின்னால் கூப்பிடுகிற தில்லையம்பலம்

பலெர்மோவில் எங்கள் சனம் காரில் எங்காவது புறப்படுவதென்றால் தில்லையம்பலத்துக்குத் தெரியாமல்தான் புறப்படும். தெரிந்தால் போச்சு. மனுசன் கார்ச் சில்லின் போல்ட் இறுக்குகிற சாவியோடு வந்து நிற்பார். கார் நகர்ந்த பிறகும் விடமாட்டார். "நில்லுங்கோ! ஒருக்கா நில்லுங்கோ!" என்று ஒரேத்தோத் தெரு முழுக்கக் கேட்கக் கத்துவார். பயணம் போகிறவனைப் பின்னால் கூப்பிடலாமா? "தரித்திரம் பிடிச்ச மனுசன்" என்று பெண்டுகள் அவர் காதுபடவே திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது.

தில்லையண்ணை ஊரில் பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருசம் சில்லு கழற்றிப் பூட்டியவர். இங்கே வந்து மாடிப்படி கழுவினார், நடக்கமாட்டாத ஒரு கிழவரைக் குளிப்பாட்டினார். ஆனாலும் எங்களில் எவன் காருக்குக் காற்றுப் போனாலும் அவரைத்தான் தேடுவோம். அவசரம் என்பது அவரிடம் அறவே இல்லை. முதலில் கார் உருளாமல் சில்லுக்குக் கல் அண்டை கொடுப்பார். காரைத் தூக்குகிற ஜக்கில் ஏற்றுமுன்பே போல்ட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துவார். கழற்றிய சில்லைக் காருக்கு அடியில் தள்ளிவிடுவார். ஜக் சறுக்கினாலும் கார் ஆளின்மேல் விழாது. மாற்றுச் சில்லைக் கொழுவி, போல்ட்டுகளைக் கையால் முடுக்கி, காரை நிலத்தில் இறக்கிய பிறகுதான் சாவியில் ஏறி மிதித்து, எதிரும் புதிருமாக இறுக்குவார். "அந்தரத்திலை நிக்கிற சில்லை இறுக்கிறது இறுக்கே இல்லை" என்பார். நான் பொறுமையில்லாதவன். அவர் வேலை செய்வதைப் பார்த்தாலே எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டும்போல இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. எங்கள் தெருச் சிவபாலன் பழைய ஃபியட் ஒன்று வாங்கியிருந்தான். முதல் ஓட்டம், இந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு. எங்களுக்குப் பிள்ளையாரும் அவதான், மாரியம்மனும் அவதான். அவனோடு மனைவி நிலக்ஷி. பின் இருக்கையில் தில்லையண்ணையின் ஒரே மகள் துசானி, ஏழு வயது. தில்லையண்ணைக்கும் மனைவி ஞானம்பிகைக்கும் மூன்று மணிக்கு ஒரு சிஞ்ஞோரா அம்மாளின் வீட்டில் விருந்து வேலை இருந்தது. அதனால் பிள்ளையை மட்டும் அனுப்பினார்கள்.

ஒரு மணிக்குப் பார்த்தால், முன் இடப்பக்கச் சில்லில் காற்று இல்லை. ஒன்றரைக்கு இராகு காலம் தொடங்கும்.

அன்று காற்றும் சரியில்லை. தெற்கேயிருந்து சுடுகாற்று அடித்து, வானம் மஞ்சளாய்க் கிடந்தது. தில்லையண்ணை காருக்குப் பக்கத்தில் குனிந்ததும் எதிர்வீட்டு பால்கனிக் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட்டன. முந்தின வருசம் கார்க்குண்டு வெடித்த நகரம். காருக்கு அடியில் குனிகிறவனைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு திக்கென்னும். எனக்கும்தான். அந்தப் பயத்தையெல்லாம் எரிச்சலாக அவர்மேல் கொட்டினேன்.

"அண்ணை, ஒண்டு இருவது! கெதியாப் பாருங்கோ!"

"பொறு விக்னா, பொறு."

"ஒண்டு இருவத்தைஞ்சு! இராகு காலத்திலை பிள்ளையை அனுப்பப் போறியளோ?"

அவர் காரை இறக்கினார். சாவியை எடுக்கத் திரும்புவதற்குள் ஞானக்கா நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்துவிட்டா. நான் கற்பூரத்தைக் கொளுத்தி, "அரக்குங்கோ, அங்காலை அரக்குங்கோ" என்று அவரை ஒதுக்கிவிட்டேன். கற்பூரம் சுற்றினோம். சிவபாலன் காரை எடுத்தான். எலுமிச்சங்காய்கள் சட்டுச் சட்டென்று நசிந்தன. ஒன்று இருபத்தெட்டு. பெரிய சாதனை செய்துவிட்டவன்போல நான் சிரித்தேன்.

தில்லையண்ணை அண்டைக் கல்லை எடுக்கக் குனிந்தார். பக்கத்தில் சாவி கிடந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு நிமிர்ந்து, "சிவபா—" என்று கத்தினார்.

ஞானக்கா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினா. "ஐயோ, பின்னாலை கூப்பிடாதேங்கோ! பிள்ளை போகுது!"

"நல்லாப் பொத்துங்கோ அக்கா" என்றேன் நான்.

கார் தெருமுனையில் ஒரு மீன் வண்டிக்காகக் கொஞ்சம் நின்றது. பின் கண்ணாடியில் துசானியின் முகம் தெரிந்தது. இன்னொருதரம் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவர் கூப்பிடவில்லை. கார் திரும்பி மறைந்தது.

"இறுக்கேல்லை" என்றார். "கையாலை முடுக்கினதுதான். நாலும் இறுக்கேல்லை."

ஞானக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டா.

என் மொப்பெட்டில் அவரை ஏற்றிக்கொண்டு விரட்டினேன். நகரமே மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போகிற நேரம். ஸ்டேசனடியில் நகரவே முடியவில்லை. நான் எல்லோரையும் திட்டினேன், என்னையும் திட்டினேன். அவர் கையிலிருந்த சாவி என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் ஏதோ மினுங்கியது. இறங்கி எடுத்தார். போல்ட்.

"ஒண்டு" என்றார்.

இரண்டு வளைவு தாண்டி இன்னொன்று. "ரெண்டு." அவர் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. வலப்பக்கம் இடுப்பளவு மதில். அதற்கப்பால் கீழே நகரமும் கடலும். ஒவ்வொரு வளைவிலும் மதில் உடைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். தெய்வமே, அப்படி ஒரு பார்வை எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

அடுத்த வளைவில் கார் நின்றது, மதிலில் மூக்கை முட்டிக்கொண்டு. இடச்சில்லு வெளியே சரிந்திருந்தது. சிவபாலன் தலையைப் பிடித்தபடி தரையில் இருந்தான். நிலக்ஷி துசானியைக் கட்டிப்பிடித்திருந்தாள். பிள்ளையின் நெற்றியில் இரத்தம். ஆனால் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தம் கேட்டது அண்ணை" என்றான் சிவபாலன். "பழைய கார், அப்பிடித்தான் எண்டு ஓடினன். இவள்தான் 'அப்பா கூப்பிட்டவர், திரும்புங்கோ மாமா' எண்டு தெருமுனையிலையிருந்து ஒரே அழுகை. புறப்பட்டால் திரும்பக்கூடாது எண்டு நாங்கள் கேக்கேல்லை. கடைசியிலை என்ரை கழுத்தைப் பிடிச்சு இழுத்தாள். நிப்பாட்டேக்கைதான் சில்லு சரிஞ்சது."

தில்லையண்ணை மகளின் நெற்றியைத் தன் சேட்டு நுனியால் துடைத்தார். சக்கரத்துக்குக் கல் வைத்தார், ஜக்கில் ஏற்றினார், பொறுக்கி வந்த போல்ட்டுகளைப் போட்டார், இறக்கினார். "ஒருத்தரும் ஏறவேண்டாம். நான் மெதுவாக் கீழை கொண்டுபோறன்" என்றார். பிறகு சாவியில் ஏறி மிதித்தார்.

துசானி அவர் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அப்பா, நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் உங்களையே பாத்துக்கொண்டு இருந்தனான். ஏன் பிறகு கூப்பிடேல்லை? பெர்கே, ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். நாலாவது போல்ட் எப்போதோ இறுகிவிட்டது. அவர் இன்னும் அதை மிதித்துக்கொண்டே இருந்தார்.