பொந்தில் இரண்டு பேர்

இது நடந்தது. ஓர் அரசனின் வீழ்ச்சியையும், இரு பக்கத்துக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்த ஒரு மனிதனின் மானத்தையும் பற்றிய சரித்திரம். எழுத்துக்கு எழுத்து உண்மை. சரித்திரம் நிகழ்ந்த இடம் ஊழியர் மன்றத்து அரங்கம். மேடையின் அகலம் பதினெட்டு அடி. அதில் இரண்டு பலகை ஆடும்.

மன்றத்தின் ஆண்டுவிழாவுக்கு வருஷம் தவறாமல் ஒரே நாடகம்தான். நானூறு வருஷப் பழசு. ஒரு ராஜா. அவன் மகுடத்தைப் பறிக்கப் படையோடு வருகிற பெரியப்பா மகன். ராஜா ஊரில் இல்லாதபோது கோட்டையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் பலமுள்ள பக்கம் சாய்ந்துவிடுகிற ஒரு சித்தப்பா.

மேடையின் முன்விளிம்புக்குக் கீழே ஓர் ஆள் மட்டும் முடங்கிக்கொள்கிற மரப்பொந்து உண்டு. அதில் உட்கார்ந்து, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவரைப் பொந்தார் என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. பதினான்கு வருஷமாக அந்தச் சித்தப்பா பாத்திரத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வெட்கங்கெட்ட ஜென்மம் என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் ராஜா. இருபத்திரண்டு வருஷமாக. இப்போது வயது அறுபத்து மூன்று. மூன்றாம் அங்கத்தில் மகுடத்தைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தபடி ஒரு நீண்ட வசனம் பேசவேண்டும். கொஞ்ச நாளாக ஒத்திகையில் அதன் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். பொந்திலிருந்து நாலு சொல் மேலே போகும். வண்டி கிளம்பிவிடும்.

செயலாளருக்கு, இப்போது சித்தப்பாவாக நடிக்கிற தன் அண்ணன் மகனை ராஜாவாக்க வேண்டும். மன்றத் தலைவர் முன்வரிசையில் உட்காரும் நாளில் கிழவர் ஒருமுறை திணறி நின்றால் போதும், வேஷம் கைமாறிவிடும். சனிக்கிழமை பொந்தாரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க எதுவும் செய்ய வேணாம்ணே. சும்மா இருங்க. அது போதும்."

பதிலுக்கு, அடுத்த வருஷம் பொந்தைவிட்டு மேடைக்கு ஏறலாம். காலியாகப்போவது சித்தப்பா வேஷம். முப்பத்தொரு வரி வசனம், வெல்வெட் தொப்பி. பொந்தார் யோசித்துச் சொல்கிறேன் என்றார். எழுந்து போகும்போது, தொப்பி தன் தலைக்குப் பொருந்துமா என்றும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒப்பனை அறையில், பஞ்சு ஒட்டிய அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்த அத்தான் அவர் கையைப் பிடித்தார். "நீ கீழ இருக்கேங்கிற தைரியத்துலதான் மச்சான் ஏறுறேன்." பொந்தார் தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்கு எப்போதுமே சுலபம்.

மாலை மணி 4.02. குனிந்து பொந்துக்குள் நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஸ்டூல் சூடாக இருந்தது.

பெருக்க வந்தவர் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். டார்ச்சைப் போட்டார். மூடி வைத்துவிட்டுப் போன வசன நோட்டு விரிந்து கிடந்தது. மூன்றாம் அங்கம். அந்த நீண்ட வசனம்.

மூடினார். முதல் பக்கத்துக்குத் திருப்பினார். மணி அடித்துத் திரை விலகியது.

4.26. ராணி தனியாக வரும் காட்சி. ராணி வேஷம் கட்டியவர் பல் டாக்டர். நோயாளிகளைப் பயமுறுத்திப் பழகிய குரல். "கெட்டது எதுவும் இன்னும் நடக்கவில்லை. ஆனால் வாசலில் அது வந்து நிற்கிறது" என்றார்.

பொந்தாரின் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கையைப் பின்னால் நீட்டிப் பார்த்தார். பலகை. அதற்குப் பின்னால் சுவர். வேறு இடமே இல்லை.

4.51. சரக்... நோட்டில் ஒரு தாள் புரண்டது. அவருடைய இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் முன்வரிசைக்கு முன்னால் தலை நீட்டவேண்டும். தலைவர் பார்ப்பார். உட்கார்ந்தே இருந்தார்.

5.07. மூன்றாம் அங்கம்.

அத்தான் மகுடத்தைக் கழற்றினார். பேசினார். அந்த இடம் வந்தது. நின்றார்.

பொந்தாரின் கண் எதிரிலேயே வரி இருந்தது. நாலே சொல். வாயைத் திறக்கவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

அத்தானின் செருப்பு முனை அவரைப் பார்த்துத் திரும்பியது.

ஆறு... ஏழு...

வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு வயதான குரல், நிதானமாக, அந்த வரியைச் சொன்னது.

மேலே அத்தான் அதைப் பேசினார்.

குரல் அடுத்த வரியைச் சொன்னது.

அதற்கடுத்ததை.

பொந்தார் விரலை வைத்துத் தேடினார். நோட்டில் அந்த வரிகள் இல்லை.

டார்ச் அணைந்தது.

குரல் நின்றது.

பிறகு, வரிகளைச் சொன்ன அதே நிதானத்தில்...

"நகரு."

நகர்ந்தார்.

ஸ்டூல் மறுபக்கம் தாழ்ந்தது. கிரீச்...

மேடையிலும் செருப்புச் சத்தம். இரண்டு அடி.

பாதி ஸ்டூலில், பலகையோடு ஒட்டி, ஒன்பது நிமிஷம் இருந்தார்.

5.16. கைத்தட்டல். டார்ச் தானாக எரிந்தது. பொந்தில் அவர் மட்டும்தான்.

அரங்கமே எழுந்து நின்றிருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் பொந்தாரைப் பார்த்த பார்வையில், அடுத்த வருஷ வேஷம் அப்போதே பறிபோயிருந்தது.

அத்தான் அங்கியோடு இறங்கி வந்து கட்டிக்கொண்டார். பஞ்சு வாய்க்குள் போயிற்று.

"நின்னுட்டேன்டா மச்சான். ஏழு எண்ணுற நேரம். கைவிட்டுட்டியோன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. என்னை மன்னிச்சுக்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பழைய வரியெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பழைய வரி அத்தான்?"

நாடகத்தைச் செயலாளர் வெட்டிச் சுருக்குவதற்கு முன்பு அந்த வசனம் இரண்டு மடங்கு நீளம் என்றார் அத்தான். பொந்தாருக்கு முன்னால் பொந்தில் இருந்த பெரியவர் தன் கைப்பட எழுதி வைத்திருந்த ஒரே நோட்டில்தான் அது முழுசாக இருந்தது.

"அந்த நோட்டு எங்கே?"

"எங்கேயா? அவர் நெஞ்சு மேல வெச்சுத்தானே பெட்டிய மூடினோம். நான்தான் வெச்சேன். பதினாலு வருஷம் ஆச்சு." அத்தான் கொஞ்சம் யோசித்தார். "ஆனா நடுவுல நகருன்னு ஒண்ணு சொன்னியே, அது எதுக்கு? சொன்னியேன்னு ரெண்டடி தள்ளி நின்னேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பொந்தார் வாயைத் திறந்தார். அத்தான் இன்னும் அவர் கையை விடவில்லை.

"அங்க வெளிச்சம் நல்லா விழும்னு தோணிச்சு அத்தான்" என்றார்.

அந்தப் பெரியவர் ஏன் வந்தார், எப்படி வந்தார், அதற்குப் பிறகு வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. பொந்தார் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், அந்த ஏழு எண்ணுகிற நேரம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் சொல்லவேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில் விசுவாசமான சேவைக்கு என்று பெயர் பொறித்த கோப்பை ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டார். முதல் படம் சரியாக விழவில்லை என்பதால், போட்டோவுக்காக இன்னொரு முறையும் வாங்கிக்கொண்டார்.