நான் மைக்கில் சொன்னது

மாமியாரின் பழைய நூல் புடவைகளைக் கிழித்துத்தான் அவருக்குத் துணி போட்டு வந்தேன். ஒரு புடவைக்கு ஆறு துண்டு. காலையில் எப்படியும் பத்துப் பன்னிரண்டு துண்டு கொடியில் தொங்கும். வெயில் ஏறுமுன் அலசிப் போட்டால்தான் மதியத்துக்குக் காயும். மழை நாளில் அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன். நீலத்தில் சின்னப் பூப்போட்ட ஒரு துண்டிலிருந்து மட்டும் எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்தாலே உள்ளே ஆள் படுத்திருக்கிறது என்று தெருவுக்குத் தெரியும்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. என் கணவர் கல்வராயன் மலைக்கு மரவள்ளி ஏற்றப் போகும் லாரியில் இருந்தார். போனால் மூன்று நாள், நான்கு நாள். நான் வேதக்காரர் வீட்டுப் பெண். மாமியார் கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டார். "ஏம்மே, நனஞ்சிருச்சி" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், "ஆண்டவரே, இதை உமக்கே செய்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுவேன். உதட்டில்தான் ஜெபம். கையோ துணியைப் பிழிகிற பிழியில் யாரையோ கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். அவர் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று நினைத்ததுண்டு, மறைப்பானேன். ஒரு வருடம் போனபின் அருவருப்பு குறைந்தது. பழகிவிட்டது, அவ்வளவுதான். நானோ ஆவியில் வளர்ந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் சபை நாலு வீடு தள்ளி, சிமெண்ட் ஓடு போட்ட ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்கிற நேரம். அந்த வாரம் தேவன் செய்த நன்மையை ஒவ்வொருவராக மைக்கில் சொல்ல வேண்டும். நான் வழக்கமாகத் தலைவலி தீர்ந்தது, தாமதமாகப் போயும் பஸ் கிடைத்தது என்று எதையாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு ஏனோ வாய் நீண்டுவிட்டது. "எங்க மாமியாருக்கு மலம், மூத்திரம் எல்லாம் இந்தக் கையாலதான் வாருறேன். படுக்கையெல்லாம் நாறிப்போயிருக்கும். ஒருநாள்கூட நான் மூஞ்ச சுளிச்சதில்ல. அந்தப் பொறுமைய தேவன் எனக்குக் குடுத்தாரு" என்றேன். அல்லேலூயா என்று கொட்டகையே அதிர்ந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மருமகள் வேண்டும் என்றார் பாஸ்டர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மதியம் மாமியார் தண்ணீர் டம்ளரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சியும் வேண்டாம். மறுநாளும் அப்படியே. தொண்டையும் இழுத்துக்கொண்டதோ என்று பயந்து நர்ஸம்மாவைக் கூட்டி வந்தேன். நாக்கு வெடித்திருந்தது. தண்ணீர் உள்ளே போகாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று அந்தம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். உபவாசம் இருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி தாகத்தில் வற்றிக்கொண்டிருக்க, நானும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முழங்காலில் நின்றேன்.

எதிர்வீட்டு அக்காதான் உள்ளே வந்து என்னை எழுப்பினார். "நீ இன்னாத்துக்கும்மா பட்டினி கெடக்கற? அன்னிக்கு நீ மைக்குல பேசினது எங்க வூட்டு அடுப்பங்கர வரிக்கும் கேட்டுச்சு. இங்க படுத்துக்கினு இருக்கறவங்க காதுல மட்டும் வுழாதா? குடிச்சா படுக்கைல போவணும். அதான் குடிக்க மாட்டேங்கறாங்க."

கொட்டகை வாசலுக்கு மேலே கட்டியிருந்த ஸ்பீக்கர் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அது தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. ஊரார் காதிலும் வசனம் விழட்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள்.

கட்டிலடியில் உட்கார்ந்து மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு பண்ணிட்டேன் அத்த. வர்ற ஞாயித்துக்கெழம அதே மைக்குல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். இப்ப ஒரு வாய் குடிங்க."

கோணிய வாயிலிருந்து சொல் ஒவ்வொன்றாகத்தான் வரும். "அதயும் ஊருக்குச் சொல்லப் போறியா?" என்றார். பிறகு, "இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைங்களுக்கு நான்தான் புள்ளப்பேறு பாத்தேன். ரத்தம், பீ, மூத்திரம் எல்லாம் இந்தக் கையாலதான் வாரிக் கொட்டினேன். எவளப் பத்தியும் எவகிட்டயும் வாயத் தொறந்ததில்ல" என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு வாய் குடித்தார். என்னை மன்னித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் "நனஞ்சிருச்சி" என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. ஈரத்திலேயே சத்தமில்லாமல் கிடப்பார். நான்தான் அடிக்கடி போய்க் கையை அடியில் விட்டுப் பார்க்க வேண்டும். ஏழு மாதம் அப்படிப் பார்த்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ஆண்டவரே என்று தொடங்கினாலே என் குரல் ஸ்பீக்கரில் கேட்பதுபோல் இருக்கும். துணியை மாற்றினேன், அலசினேன், காயப்போட்டேன். அந்த ஏழு மாதத்தில்தான் ஆண்டவர் எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படி ஒன்றும் தெரியவில்லை. இன்றும் சபைக்குப் போகிறேன். சாட்சி நேரத்தில் பாஸ்டர் என் பக்கம் பார்த்தால் தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிடுவேன்.

தை மாதத்தில் ஒரு காலையில் மாமியார் போய்விட்டார். குளிப்பாட்டத் தெருப் பெண்கள் வந்தார்கள். சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்கார அம்மா என்னிடம், "படுக்கையோட கெடந்து உன்ன ரொம்பக் கஷ்டப்படுத்திட்டாங்களாம்மா?" என்று கேட்டார். தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவர்கள் கை நின்றது. அத்தனை பேரும் அன்றைக்கு ஸ்பீக்கரில் கேட்டவர்கள்.

"இல்லீங்க. கடசி வரிக்கும் அவங்களே எழுந்து வெளிய போயிட்டு வந்தாங்க" என்றேன்.

எதிர்வீட்டு அக்கா என் கையிலிருந்த சொம்பை வாங்கி மாமியாரின் தலையில் ஊற்றினார்.

"ஆமா, செவுத்தப் புடிச்சிக்கினே போவாங்க. நானே பாத்திருக்கேன்" என்றார்.