மூடியைத் திறந்த விண்வெளி வீரன்

நம்ம ஆளுக்கு வயது நாற்பத்து மூன்று. தொலைக்காட்சி நாடகங்களில் இருபது வருடமாக டூப் போடுகிறான். கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால் குதிப்பது இவன். கீழே எழுந்து நின்று வசனம் பேசுவது கதாநாயகன். ஒரு கதாநாயகிக்காக நீள முடி மாட்டிக்கொண்டு ஆற்றில் பாய்ந்ததும் உண்டு. முடி மட்டும் தனியாக நீந்திப் போய்விட்டது. இத்தனை செய்தும் அவன் முகம் ஒரு நொடிகூடத் திரையில் வந்ததில்லை. "என் மூஞ்சியைக் காட்டாம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அதற்குச் சிரிக்காத ஒரே ஆள் அவன் அப்பா. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரையும் மெச்சிப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மகன் விஷயத்தில் அந்த எண்ணமே கிடையாது. "மூஞ்சி வந்தா கூப்பிடு, பாக்கறேன்" என்று ஒருமுறை சொன்னவர்தான். அதற்குப் பிறகு மகன் நடித்த எதையும் அவர் பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் புது நாடகம் ஒன்று வந்தது. ஆறு விண்வெளி வீரர்கள், ஒரு விண்கலம், அதற்குள்ளேயே அழுகை, சண்டை, காதல் எல்லாம். கலத்துக்கு வெளியே மிதக்கிற காட்சிகள் அத்தனையும் நம்ம ஆளுக்கு. படப்பிடிப்புத் தளம் முழுக்கப் பச்சைத் துணி, கூரையிலிருந்து நாலு கம்பி, நடுவில் வெள்ளை உடுப்பில் இவன். உள்ளே வியர்த்து ஊற்றும். மூக்கு அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். விண்வெளியில் எடையே இருக்காதாம். இவனுக்கோ கம்பியோடு சேர்த்துக் கட்டித் தொடையை அறுத்த பட்டை, சாப்பிட்ட சாப்பாட்டையெல்லாம் ஒவ்வொரு கிலோவாக ஞாபகப்படுத்தியது.

ஹெல்மெட்டின் முன்பக்கம் தங்க நிறக் கண்ணாடி மூடி. அது கீழே இருந்தால் உள்ளே இருப்பவன் யாரென்று தெரியாது. ஆனால் அதைத் தூக்கித் திறக்கலாம். இதைக் கண்டுபிடித்த அன்றே அவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது. நேராக அப்பாவிடம் போய், "இந்த வாட்டி மூஞ்சி வருதுப்பா, முதல் வாரமே, ஞாயித்துக்கிழமை வருது" என்று அடித்துச் சொன்னான். அப்பா நாள்காட்டியில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார்.

அந்தக் காட்சியை எடுத்தார்கள். கேமரா மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று தோன்ற, நம்ம ஆள் விண்வெளியில் மிதந்தபடியே கையைத் தூக்கி மூடியைத் திறந்தான். திறந்ததோடு விடாமல் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

இயக்குநர் மைக்கை எடுத்தார்.

"அண்ணே, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"விண்வெளியிலங்க."

"அங்க காத்து இருக்கா?"

"இல்லங்க."

"அப்புறம் யாரைப் பாத்துச் சிரிக்கறீங்க? நீங்க செத்துட்டீங்கண்ணே."

கம்பியைப் பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் இவன் மேலும் கீழும் குலுங்கினான். மறுபடி எடுத்தார்கள். இந்த முறை மூடியைப் பசை போட்டு ஒட்டிய பிறகுதான் அவனை மேலே ஏற்றினார்கள்.

அந்தச் சிரிப்பையாவது தாங்கிக்கொண்டான். நாள்காட்டி வட்டம்தான் தூங்க விடவில்லை. நாலு நாள் மென்று முழுங்கிவிட்டு, "என்னைத் தூக்கிட்டாங்கப்பா, வேற ஆளைப் போட்டுட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னான். முகம் வராத நடிகனாக நிற்பதைவிட வேலை போனவனாக நிற்பது கௌரவம் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. உண்மை தெரிந்தவள் அவன் மனைவி ஒருத்திதான். "உங்க மூளைக்கும் யாராவது டூப் போடறாங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிறு மாலை, அழைக்காமலே அப்பா வந்தார். "உன்னைத் தூக்கிட்டு எவனைப் போட்டிருக்கானுங்கன்னு பாக்கறேன்" என்று நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

காட்சி வந்தது. இருட்டு, நட்சத்திரங்கள், நடுவே வெள்ளை உடுப்பில் ஒருவன் மிதக்கிறான். அப்பா முன்னால் குனிந்தார்.

"இவன்தானா அது?"

"ஆமாப்பா."

அப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காதடா. நல்லாப் பண்றான். கம்பியில தொங்கறான்னு எனக்குத் தெரியும். ஆனா பாரு, கொஞ்சமாவது ஆடுதா? முப்பது வருஷம் சாமானைத் தூக்கி இறக்கியிருக்கேன். தொங்கறது எதுவா இருந்தாலும் ஆடும். இவன் உடம்பாலயே ஆட்டத்தை அடக்கறான். லேசுப்பட்ட வேலை இல்லடா."

நம்ம ஆள் இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனை வருடம் மாடி மாடியாகக் குதித்தான். பேச்சும் வந்துவிட்டது, ஆனால் வேறு எவனுக்கோ போய்விட்டது. அந்த எவனோ ஒருவன் மேல் அவனுக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

"இவனைப் பெத்தவன் குடுத்து வச்சவன்" என்றார் அப்பா.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "அப்பா, அது நான்தான்ப்பா. தூக்கிட்டாங்கன்னு சொன்னது பொய். அது நான்தான்."

அப்பா திரும்பி அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவை அவன் பார்த்ததே இல்லை. கையை நீட்டி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுடா" என்றார். "பரவால்ல."

"இல்ல மாமா, நிஜமாவே இவருதான்" என்றாள் மனைவி.

"நீயும் சேந்து தாளம் போடாதம்மா. பாவம், மனசு ஒடிஞ்சு போயிருக்கான்."

தோளில் போட்ட கையை அவர் எடுக்கவில்லை. இன்னொரு கையால் திரையைக் காட்டினார். "இப்பத் திரும்பறான் பாரு. எப்படித் திரும்பறான்னு நல்லாப் பாத்துக்கோ."

நம்ம ஆள் பார்த்துக்கொண்டான்.