எதிர் வீட்டுத் தையல் மிஷின்

கல்யாணமாகி நான் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த இரண்டாம் வருடம், எதிர் வீட்டு அக்காவின் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். நெசவாளி. சில மாதம் கழித்து அக்கா தறியை விற்றாள். தறிக்குழியை மண் போட்டு மூடி, மெழுகி, அதன்மேல் ஒரு பழைய தையல் மிஷினை வைத்தாள்.

ரவிக்கை தைக்க எங்கள் தெருப் பெண்கள் காந்தி ரோட்டுக் கடைக்குத்தான் போவோம். அக்காவிடம் யாரும் போகவில்லை. சத்தமே இல்லாத அந்த மிஷினைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. ஒருநாள் ரவிக்கைக்கு ஒரு பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் ரவிக்கையில் கையைத் தூக்க முடியவில்லை. சொன்னதும் அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "குடும்மா, பிரிச்சுத் தச்சித் தர்றேன்" என்றாள். அடுத்ததில் கழுத்து ஒரு பக்கம் இறங்கியது. அதற்கடுத்ததைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

அந்த ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். என் பட்டு ரவிக்கைத் துணியை அக்காவிடம் கொடுக்கப்போவதைச் சொன்னதும் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா நீ! பழகிக்கினு இருக்கறவ கையில பட்டைக் குடுப்பாங்களா?"

"பழகிட்டாங்க அத்தை."

தைரியமாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அக்காவும் கத்திரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "நீயும் கூட உக்காரும்மா" என்றாள். அவள் வெட்டி முடிக்கும்வரை துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று மாமியார் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுவாரம் தன் துணியை என்னிடம் நீட்டி, "எனக்குக் கை கொஞ்சம் லூசா வெக்கச் சொல்லு" என்றார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி போனாள். மெல்ல மெல்லத் தெருவே போக ஆரம்பித்தது.

அடுத்த தீபாவளி நெருக்கத்தில் நான் துணியோடு போனபோது, மிஷினைச் சுற்றிலும் மூட்டை மூட்டையாகத் துணி.

"தீபாவளிக்குள்ள முடியாதும்மா. மத்தவங்க முன்னாடியே குட்துட்டுப் போயிருக்காங்க. கோச்சுக்காதே" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் வந்து புலம்பினேன். தறியில் உட்கார்ந்திருந்த என் கணவர் நெய்வதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அவங்களுக்கு வேலை வரணும்னு தானே ஆசப்பட்டே? வந்துட்ச்சி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்குப் புதுப் புடவையும் பழைய ரவிக்கையுமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து வடை சுட்டேன். எதிர் வீட்டில் மிஷின் அன்று காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.