பேரிங் மாற்றிய மறுநாள்

மகள் அமெரிக்கா போகிறாள் என்பதைவிட, இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்பதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னேன். ஐதராபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி அவளை எடுத்து, இரண்டு வருஷ வேலைக்கு அங்கே அனுப்புகிறது. திருமலையில் சாமி பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே திருப்பதியில் ரயில் ஏறி, ஐதராபாத் போய் அங்கிருந்து விமானம். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு என் காரில்தான் போகவேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்.

அது எனக்கு மூன்றாவது கையாக வந்த அம்பாசடர். புதுசு புதுசாகச் சின்னக் கார்கள் இறங்கி, வசதி உள்ளவர்கள் பழையதைத் தள்ளிவிட்ட சமயத்தில் வாங்கினேன். வலதுபக்க முன்சக்கரத்தில் பேரிங் தேய்ந்து, வேகம் எடுத்தால் ‘ஊம்’ என்று ஒரு முனகல் கிளம்பும். பலமனேர் போனாலும் வெதுருகுப்பம் போனாலும் அது கூடவே வரும். நானோ போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன். அடுத்தவன் மோட்டாரில் பேரிங் போயிருந்தால் வரப்பில் நின்றே சொல்லிவிடுவேன். என் காரை மட்டும், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டிருந்தேன்.

மனைவியும் மகளும் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். அந்த முனகலுக்கு மேலே குரலை ஏற்றித்தான் பேசிக்கொள்வார்கள். அப்படியும் எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. சிரிப்புச் சத்தம் வந்தால் “இன்னா?” என்பேன். “ஒன்னும் இல்ல” என்பார்கள். பின்சீட் அவர்களுக்குத் தனி அறை மாதிரி.

இந்த முறை மனைவி ஒரே பிடியாக நின்றாள். “மல ஏறணும். இந்தச் சக்கரத்த நம்பி எம் பொண்ண ஒக்கார வெக்க மாட்டேன்.”

கிளம்புவதற்கு முந்தின நாள் வேலையில் இறங்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடக் கடக் என்றது. சக்கரத்தைக் கழற்றி, நட்டை எடுத்து, உள்ளே இருந்த பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசிப் பார்த்தேன். உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தன. இவ்வளவு நாள் எப்படி ஓடியது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. புது பேரிங்குக்கு உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, உருளைகளின் இடுக்கு முழுக்கப் போகும்வரை அழுத்தி அழுத்தி ஏற்றினேன். நட்டை இறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் இருக்கப் பின்னைச் சொருகினேன். அன்று முழுக்கக் கை வேலையாக இருந்தது நல்லதாயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். வண்டி நம்முடையதுதானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பின்னால் அவர்களோ முனகல் நின்றுபோனதைக் கவனிக்கவே இல்லை. பழக்கதோஷம், அதே ஏற்றிய குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நைனாகிட்ட இப்ப சொல்லாதம்மா. ரெண்டு வருஷம்னே நெனச்சிக்கினு இருக்கட்டும். அங்க போயி நானே ஃபோன்ல சொல்றேன்” என்றாள் மகள்.

“எப்ப சொன்னாலும் ரெண்டு நாள் துன்னாம கெடப்பாரு” என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் வந்தது. மகள்மேல் இல்லை. இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டுதான் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று மனைவிமேல் பொத்துக்கொண்டு வந்தது. புத்தலப்பட்டு தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினேன். புது பேரிங் போட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சூடு பார்க்கவேண்டும். இறங்கிப்போய்க் குந்தி, சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். சூடு இல்லை. எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

மகள் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள்.

“இன்னா நைனா, சுடுதா?”

“இல்ல. நல்லாத்தான் கீது.”

“ஆமா நைனா, சத்தமே இல்ல…” என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். முகம் மாறிவிட்டது. “கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு.”

அவள் பின்சீட்டுக்குப் போகவில்லை. முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியை எடுத்தேன். அங்கே மேலே படிக்கப் போவதாகவும், அதன்பிறகு அங்கேயே வேலை பார்க்கப் போவதாகவும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப திரும்பி வருவியா, மாட்டியா?” என்றேன்.

“பாக்கலாம் நைனா.”

எங்கள் பக்கத்தில் தமிழில் ‘பாக்கலாம்’, தெலுங்கில் ‘சூஸ்தாம்’. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராதபோது எல்லோரும் சொல்வதுதான்.

தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, “நீ அங்க வருவியா நைனா? நீயும் அம்மாவும் என்னோடவே இருக்கறதுக்கு?” என்றாள். என்னை யாரும் அப்படிக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கடை, வீடு, வாடிக்கைக்காரர்கள், எல்லாம் ஒரு நிமிஷம் கண்முன்னால் வந்து போயின.

“பாக்கலாம்” என்றேன்.

பின்சீட்டில் என் மனைவி அழுவது தெளிவாகக் கேட்டது.